வால் முளைக்கவில்லை

– நல்லா பாரு பிரேம். நேத்து லேப் ரிப்போர்ட்ல, பூஞ்சை உருண்டையா இருக்குன்னு எழுதின. இன்னிக்கு நான் என் ரத்தத்துல போட்டுப் பார்த்தா வால் விட்டிருக்கு. மேல வார்டுல இருக்குற அதே சின்னசாமி, அதே சாம்பிள்.

– எனக்கே ஒண்ணும் புரியல உமைமாக்கா. ஆள் ரத்தத்துலேர்ந்து பிரிச்ச சீரத்துல கலந்தேன், உடம்புச் சூட்ல ரெண்டு மணி நேரம் வெச்சேன். மனுஷன் உடம்புக்குள்ள வந்துட்டோம்னு நெனச்சு அது வால் விடணும். விடல. அதான் வேற ஜாதின்னு எழுதினேன்.

– அத நம்பி கிட்னிய வாட்டுற ஊசி போட்டுட்டாரு டாக்டர். தோல் பதனிடுற ஷாப்ல ரசாயனத்துல முப்பது வருஷம் நின்ன மனுஷன், ஏற்கெனவே கிட்னி அரைகுறை. வால் விடுற ஜாதின்னா சாதா மாத்திரைக்கே கேட்டிருக்கும்.

– சூடு கம்மியாயிருக்குமோ? ரெண்டு தபா கரண்ட் போச்சு.

– ஜெனரேட்டர் எதுக்கு இருக்கு?

– அப்ப உங்களுது தப்பா இருக்கலாமில்ல?

– எனக்கும் அந்த சந்தேகம் வந்துச்சு. சரிபார்க்குறதுக்குன்னு, கண்டிப்பா வால் விடுற பூஞ்சை ஒண்ணு ஃப்ரிட்ஜ்ல வெச்சிருக்கோமே, அத ரெண்டு சீரத்துலயும் போட்டேன். என்னோடதுல வால், உன்னோடதுல உருண்டை. நீ அத போட்டுப் பார்த்தியா?

– வேலை ஜாஸ்திக்கா. விட்டுட்டேன்.

– அப்ப கோளாறு சீரத்துல தான். யாரு ரத்தம்?

– என்னோடது. நீங்க லீவு. கை நீட்ட வேற ஆளில்ல.

– மருந்து எதனா சாப்பிட்றியா?

– அதெல்லாம் ஒண்ணுமில்ல.

– பிரேம், மேல அந்த மனுஷனுக்கு மூத்திரம் கொறஞ்சிட்டே வருது. பேஜார் பண்ணாத, சொல்லு.

– தொடையில அரிப்பு, படை வந்திருக்குக்கா. மருந்துக்கடைல மாத்திரை குடுத்தாங்க, மூணு வாரமா சாப்பிட்றேன். உங்ககிட்ட எப்படி சொல்றது, வெக்கமா இருந்துச்சு.

– படைக்குக் குடுக்குறதும் பூஞ்சை மருந்து தான்டா. அது உன் ரத்தத்துல சுத்திக்கினு இருக்கும்போது வால் எப்படி முளைக்கும்? சரி, அப்புறம் பேசிக்கலாம். வார்டுக்கு போன் போடு. சின்னசாமி ரிப்போர்ட் தப்புன்னு டாக்டர்கிட்ட சொல்லு.

– அவருது மட்டும் சொன்னா பத்தாதுக்கா. திங்கக்கெழமைலேர்ந்து எல்லாருக்கும் என் ரத்தத்துல தான் பார்த்தேன்.