டாக்டருக்குக் காட்டிய கூழ் வாளி

அருப்புக்கோட்டையிலிருந்து பரளச்சி போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டில் வயதான கணவனும் மனைவியும். அந்த அம்மாள் மடியில் கட்டைப்பை.

"இனிமே ஆசுபத்திரிக்கு அடுப்பங்கரையவே தூக்கிட்டு வா. ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்," என்றார் அவர்.

"சாப்பிடுறதெல்லாம் கொண்டாங்கன்னு போனவாட்டியே டாக்டரம்மா சொன்னாக. கம்மங்கூழு, மோரு, உங்க சத்துப் பொடி, எல்லாத்தையும் எடுத்தேன்."

"நானா இருந்தா பிரசர் மாத்திரைய மட்டும் நீட்டியிருப்பேன். பொடியில இருக்குற பொட்டாசியம் இந்த மாத்திரையோட சேந்தா நெஞ்சுத் துடிப்பே நின்னுரலாம்னு யாரு கண்டா? நல்லவேளை, பொடிய இப்பவே நிப்பாட்டச் சொல்லிட்டாக."

"காலையில கூழு வாளியப் பாத்துட்டு, மானம் போகுதுன்னு தள்ளிப் போயி உக்காந்தீகளே?"

அவர் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"அதான் இப்ப ஒட்டி உக்காந்திருக்கேன்ல."