சொன்ன அளவுக்குத் தாழ்ந்த பாலம்

இந்த மேசை ஆடுகிறது சார். ஒரு காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வையுங்கள், நிதானமாக எழுதலாம்.

ஆற்றின் இரு கரையிலிருந்தும் இரண்டு கைகள் நீள்வதுபோல் பாலத்தைக் கட்டிக்கொண்டு வந்தோம். துண்டு துண்டாகக் கான்கிரீட் போடப் போட, பாரத்தில் கையின் நுனி தாழும். எவ்வளவு தாழும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு, அந்த அளவு தூக்கிக் கட்டவேண்டும். அந்தக் கணக்கு என்னுடையது. தலைமைப் பொறியாளர் மேடைக்கு மேடை என்னைக் காட்டி, இவர் சொன்னால் பாலம் குனியும் என்பார். கை தட்டுவார்கள். தட்டியவர்களில் பாதிப் பேருக்குப் பாலம் குனியும் என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

இடக்கை சொன்னபடி தாழ்ந்தது. வலக்கை மட்டும் ஒரு சாண் உயரத்திலேயே முறுக்கிக்கொண்டு நின்றது. அளவெடுப்பவன் என் மனைவியின் தம்பி. வெயில் ஏறினால் பாலம் நெளியும் என்று விடியலிலேயே அளந்துவிடுவான்.

"பாலம் உங்க கணக்கைப் படிக்கலை போலிருக்கு, அத்தான்" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி வரும் துண்டுகளின் உயரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் போதும் என்றும், கணக்கு பிசகியதை மேலிடத்தில் தானே சொல்லிவிடுவதாகவும் சொன்னான். பிசகு என்பதை அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான். இணைப்பு விழாவுக்கு என் படம் போட்ட பேனர் கட்டியாயிற்று.

வலக்கையின் நுனியில் தண்ணீர்த் தொட்டிகளை ஏற்றச் சொன்னேன். கொஞ்சம் பாரம் வைத்து அழுத்துவது எங்கள் தொழிலில் உள்ளதுதான். ஒரு சாண் அழுத்த யாரும் துணியமாட்டார்கள். அவ்வளவு பாரத்துக்குக் கை அடியோடு முறியும் என்று முன்னாலேயே கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். அதனால் ஆட்களையெல்லாம் இறக்கிவிட்டேன். நான் ஈவிரக்கம் இல்லாதவன் இல்லை. மச்சானை மட்டும் அளவு பார்க்க நுனிக்கு அனுப்பினேன். அவன் அளந்தால்தான் நம்புவார்கள்.

குழாயைத் திறந்தது நான்தான். கொஞ்ச நேரத்தில் போன் செய்தான்.

"அத்தான், தண்ணியை நிறுத்துங்க. கால்ல அதிருது."

"அளவு என்ன காட்டுது?"

"நிறுத்திட்டுக் கேளுங்க."

"அளவைச் சொல்லு மச்சான்."

சொன்னான். கடைசிவரை தொழிலில் சுத்தம். மில்லிமீட்டர் மாறாமல் என் எண்.

பிறகு கை முறிந்தது. அவனும் அதோடு போனான். அவனை ஏன் அனுப்பினாய் என்று என் மனைவி கேட்டாள், நீங்களும் கேட்கிறீர்கள். ஊரான் பிள்ளையையா அனுப்பச் சொல்கிறீர்கள்?

தெரிந்தே செய்தேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கணக்கு தப்பு என்று மட்டும் எழுதாதீர்கள். தாழும் என்று போட்டிருந்தேன், தாழ்ந்தது. முறியும் என்று போட்டிருந்தேன், முறிந்தது.