ஈரலுக்குப் பத்தியம்

கேட்டியா சத்தம்? கீ… கீ…ண்ணு. கோழிக்குஞ்சு ஒண்ணும் இல்லலே, டிரிப்பு மிஷின் கரையுது. டியூபு அடைஞ்சு போச்சாம். தன்னால அடைஞ்சுதா? நீதானே டியூபுக் கிளிப்ப அடைச்சே? கைய எதுக்குப் பின்னால கொண்டு போற? பூவார் கடப்புறத்துல வலை இழுக்குத கை, ஒளிச்சா ஒளியுமா?

நான் தொடமாட்டேன். சிஸ்டரே, ஏழாம் பெட்டுக்கு ஒண்ணு வாங்க!

ம்… தொறந்தாச்சு. உனக்க பெண்டாட்டிய எழுப்பி, சுகரும் குத்திப் பாத்தாச்சு. டெல்னாவுக்கு ஒண்ணும் இல்ல. உனக்க பாக்கியம்.

இனி சொல்லு லிஜோ, எந்த அறிவாளி சொல்லித் தந்தான்? நாட்டு வைத்தியரா? மஞ்சக்காமாலைக்கு மீனும் எறச்சியும் ஆகாதுண்ணா? செரி, பையில எறச்சி ஓடுதுண்ணு ஆரு சொன்னா? போன்லயா! நல்லா உண்டு. பையில அமினோ ஆசிடுண்ணு எழுதியிருக்கு, அமினோ ஆசிடுண்ணா புரோட்டீன், புரோட்டீனுண்ணா எறச்சி, எறச்சிண்ணா பத்தியம். பள்ளிக்கூடத்துல கணக்குக்கு எத்தற மார்க்கு வாங்கினே?

எலே, குடல அறுத்துத் தச்சிருக்கு. வாய் வழி கஞ்சித்தண்ணி போவாது. ஆறு வாரமா அவ தின்னது நரம்பு வழிதான். அதுல ஈரலும் கொஞ்சம் பெணங்கியிருக்கு, கண்ணு மஞ்சளிச்சிருக்கு, உள்ளதாக்கும். டாக்டருக்கு அது தெரியாதா? எண்ணெய்ப் பையக் கொறச்சு, அமினோ ஆசிட ஈரலுக்குத் தோதா மாத்தி, ரத்தம் எடுத்துப் பாத்துக்கிட்டிருக்காரு. நீ பத்தியம் போடுத! சட்டுண்ணு நிறுத்தினா சுகர் பாதாளத்துக்குப் போவும், அறியாமா?

தரை தொடைக்குத எனக்கு எப்படித் தெரியும்ணா? பையில எழுதினத எல்லாம் படிப்பேன். பதினெட்டு வருசம் ராத்திரி டூட்டி மக்கா. லியூசின், ஐசோலியூசின், வேலின்… வேதத்துல வம்ச வரலாறு மாதிரி மனப்பாடம்.

நான் அண்ணைக்கும் படிச்சவன்தான். அதாக்கும் சங்கதி. ஈரல் கெட்டா புரோட்டீன் ஆகாதுண்ணு ஏதோ பழைய பொஸ்தகத்துல பாத்தேன். எனக்க பெண்டாட்டி விமலகுமாரிக்கும் இதே மாதிரிப் பை ஓடிச்சு, கண்ணு மஞ்சளிச்சப்ப நானும் கிளிப்ப அடைச்சேன். வைத்தியரும் இல்ல, போனும் இல்ல, எனக்க சொந்தப் புத்தி. அண்ணைக்கு மிஷின் கிடையாது, வெறும் சொட்டு. நிண்ணு போனா சத்தம் கேக்காது. அவ உறங்குதாண்ணு நெனச்சு மூணு மணிநேரம் பக்கத்துலயே இருந்தேன், விசிறிக்கிட்டு. பெறவு அவ முழிக்கல்ல.

செரி, காலத் தூக்கு. கட்டிலுக்கடி இன்னும் தொடச்சு முடியல்ல.