வெந்நீர் வள்ளல் ஆதம் பாய்க்கு வயிற்றெரிச்சலோடு வாசித்தளித்த மடல்

சாரல் சிந்தும் குற்றாலத்தில் சலிப்பறியாது படியேறிய சான்றோரே! குளிரில் நடுங்கிய குடும்பங்களுக்கெல்லாம் வெந்நீர் வார்த்த வள்ளலே! இருண்ட அறைக்கு ஒளியும், இரைந்த மோட்டாருக்கு அமைதியும், இடைமாடியில் நின்ற லிஃப்டுக்கு உயிரும் ஈந்த எங்கள் விடுதியின் மெயின்டனன்ஸ் டெக்னீஷியனே, பாசமிகு ஆதம் பாய் அவர்களே! பணி நிறைவு காணும் தங்களுக்கு மாலையிட்ட கையோடு இம்மடலையும் வாசித்தளிக்கிறோம்.

இதை எழுதும் பொறுப்பு வரவேற்பு மேசை ஞானதுரையிடம் ஒப்படைக்கப்பட்டது. தங்கள் மேல் ஊரறிந்த பொறாமை கொண்டவரிடம் பாராட்டு எழுதச் சொன்னது யார் யோசனை என்று இப்போது ஆராய வேண்டாம். எழுதியதை வாசித்தோம், ஒரு வரியும் பொய்யில்லை, அப்படியே விட்டுவிட்டோம். பொறாமையை மீறி அவருக்கு ஒரு கவலையும் உண்டு. தங்கள் இடத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. சீசன் தொடங்கிவிட்டது. நாளைக் காலை மேசையில் போன் அடித்தால் அவர் என்ன சொல்வார்?

பணியில் சேர்ந்த புதிதில் ஞானதுரை தங்களைப் பார்த்துப் பரிதாபப்பட்டாராம். தமக்கு நாற்காலி, மின்விசிறி, கழுத்தில் டை. தங்களுக்கோ ஒரு ஸ்குரூடிரைவரும் முழங்கால் வரை ஈரமும். முதல் சீசன் முடிவதற்குள் பரிதாபம் பொறாமையாகிவிட்டது. நாற்காலி அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. தாங்களோ மொட்டைமாடித் தொட்டியடியில் காற்று வாங்கி, மலைமேல் மேகம் இறங்குவதைக் கண்ணாரக் கண்டு, கீழே வந்து, "இன்னைக்கு அருவில தண்ணி நல்லா விழும்வே" என்பீர்கள். அதையே அவர் விருந்தினர்களிடம் தாமே பார்த்தது போலச் சொல்லிக்கொண்டிருப்பார்.

கீசர் ஓடாவிட்டால் ஏச்சு ஞானதுரைக்கு. ஓடிவிட்டால் நன்றி தங்களுக்கு. இது என்ன நியாயம் பாய்? கொல்லத்துக்காரர்கள் நேந்திரங்காய் வற்றல் தந்தார்கள். துபாயிலிருந்து வந்தவர் பேரீச்சம்பழம் தந்தார். எல்லாவற்றையும் எங்களுக்கே பங்கிட்டீர்கள், அதிலும் பெரிய பங்கு ஞானதுரைக்கு. அது அவருக்கு இன்னும் எரிந்தது. இதோ முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருக்கும் முதலாளி சண்முகநாதன் அவர்கள் அவரைக் கண்டால், "ரூமு ஏன்வே காலியா கெடக்கு?" என்பார், தங்களைக் கண்டால், "பாய், சாப்ட்டியளா?" என்பார். மோட்டார் யார் கையில் இருக்கிறதென்று முதலாளிக்குத் தெரியும். அறை சுத்தம் செய்யும் சங்கரேஸ்வரி அக்காவும் தம் பங்குக்கு, "ஞானதுரை சார், நீங்க அதட்டுனா பைப்பு கேக்குமா? பாய் தொட்டாத்தான் கேக்கும்" என்று வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவார்.

தங்கள் வயதொத்தவர்கள் பலர் வளைகுடாவுக்கு விமானம் ஏறினார்கள். தாங்கள் கைத்தொழிலை நம்பி இங்கேயே இருந்தீர்கள். ஆண்டுதோறும் பிள்ளைகளோடு அமர்ந்து நோன்பு திறந்தீர்கள். மெஹர் பானு அம்மாள் காய்ச்சிய கஞ்சி தூக்குவாளியில் எங்களுக்கும் வந்தது. இப்போதும் ஓய்வு என்ற பெயரில் தாங்கள் வீட்டில் இருக்கப் போவதில்லை. பக்கத்திலுள்ள குத்துக்கல்வலசையில் புது வீடு கட்டியவர்கள் குழாய் வேலைக்கு வரிசையாகக் காத்திருக்கிறார்கள் என்று சொல்லித்தானே முதலாளி கேட்ட ஓராண்டு நீட்டிப்பைச் சிரித்தபடி மறுத்தீர்கள்! அடுத்து ஓய்வு பெறும் ஞானதுரையை எந்த வீட்டில் கூப்பிடுவார்கள்? வாசலில் நின்று, "வாங்க, ஆதார் கார்டு இருக்கா?" என்று கேட்கவா?

இதில் பெரிய வேடிக்கை, தங்கள் பெயரைப் பரப்பியவரே அவர்தான். எந்த அறையிலிருந்து யார் கத்தினாலும் அவரிடம் ஒரே மருந்து: "ஆதம் பாய் வந்துக்கிட்டே இருக்காரு சார்." தாங்கள் தென்காசிக் கடையில் வாஷர் வாங்கிக்கொண்டிருந்தாலும் இதையேதான் சொன்னார். மறு சீசனுக்கு வந்தவர்கள் வாசலிலேயே, "ஆதம் பாய் இருக்காரா?" என்று கேட்டார்கள். கேட்டது ஞானதுரையிடம். சட்டையில் பெயர்ப்பட்டை குத்தியிருந்தும் அவர் பெயரை ஒருவரும் வாசித்ததில்லை.

சென்ற மாதம் தாங்கள் செங்கோட்டைக் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மூன்றாம் மாடியிலிருந்து சிவகிரிக்காரர் ஒருவர் வெந்நீர் வரவில்லை என்று போனில் கொதித்தார். பழக்கதோஷம், ஞானதுரை அதே மருந்தைக் கொடுத்துவிட்டார். ரிசீவரை வைத்த பிறகுதான் தாங்கள் ஊரில் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. வேறு வழியின்றி டையைக் கழற்றி, சட்டைக் கையை மடித்து, எதற்கென்றே தெரியாமல் ஒரு ஸ்குரூடிரைவரையும் எடுத்துக்கொண்டு படியேறினார். தலையில் எண்ணெயோடு சிவகிரிக்காரர் வீட்டம்மா நடுங்கிக்கொண்டிருந்தார். கீசர் சுவிட்சின் மேல் அவர்களே போட்ட துண்டு தொங்கியது. ஞானதுரை துண்டை விலக்கி, சுவிட்சைப் போட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

சிவகிரிக்காரர் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றி ஆதம் பாய்! கீழ இருக்க ஆளு சொன்ன மாதிரியே வந்துட்டியளே! ரெண்டு பேருமே தங்கமான மனுசங்க!"

ஞானதுரை மறுக்கவில்லை. இறங்கி வந்தவர் அன்று முழுவதும் டை கட்டவில்லை. சமையலறையில் டீ குடிக்கும்போது எங்களிடம் சொன்னார்: "இம்புட்டு சந்தோசத்தையும் இத்தன வருசமா அந்த மனுசன் ஒத்தையிலயா அனுபவிச்சிருக்காரு!"

அன்பின் அண்ணலே! முழங்கால் நோகாமல், பார்வை மங்காமல், தங்கள் வீட்டுக் குழாய் ஒருநாளும் ஒழுகாமல், மெஹர் பானு அம்மாளோடு நெடுங்காலம் நலமாக வாழ இறைவன் அருளட்டும். மாலையையும் பொன்னாடையையும் எடுத்துச் செல்லுங்கள். குத்துக்கல்வலசையையும் ஆண்டுகொள்ளுங்கள். தங்கள் பெயரை மட்டும் எங்கள் வரவேற்பு மேசையில் விட்டுச் செல்லுங்கள். நாளைக் காலை போன் அடிக்கும். "ஆதம் பாய் வந்துக்கிட்டே இருக்காரு சார்" என்றுதான் ஞானதுரை சொல்லுவார். சொல்லிவிட்டு டையைக் கழற்றுவார்.

இங்ஙனம்,
பிரிய மனமின்றியும் பொறாமை தீராமலும்,
விடுதி ஊழியர்கள் அனைவரும்,
குற்றாலம்.