ரெண்டு போனுக்கும் ஒரு மெயில்

சுயம்புராஜ்: ...அப்பம் இது கொஞ்ச நாளாவே இப்பிடித்தான் தன்னால ஆஃப் ஆயி ஆயி வருகா?

சபிதா: மாசம் ரெண்டாச்சு. தொட்டா அனங்க மாட்டேங்கு.

சுயம்புராஜ்: சொல்லியிருக்கலாம்லாட்டி.

சபிதா: சொன்னா ஒடனே கல்ஃபுல இருந்து புதுசு ஒண்ணு குடுத்து விடுவீங்க.

சுயம்புராஜ்: பெஞ்சாதிக்கு ஒரு போன் வாங்கப்பிடாதா... கொண்டா இங்க. அப்டேட்டே போடாம வச்சிருக்க. மெமரியும் நெறஞ்சு கெடக்கு. பின்ன எப்பிடி அனங்கும்?

சபிதா: இப்பம் என்ன செய்யணும்?

சுயம்புராஜ்: மொதல்ல பேக்கப் எடுக்கணும். பொறவு மொத்தமா அழிச்சிட்டு, அப்டேட் ஏத்தணும்.

சபிதா: அழிக்கண்டாம்.

சுயம்புராஜ்: பேக்கப் எடுத்திட்டுத்தான்...

சபிதா: அழிக்கண்டாம்ணு சொன்னேன்லா. கோட்டாத்துல ஏதாவது கடையில குடுத்துக்கிடுகேன்.

சுயம்புராஜ்: லீவுல ஆளு வீட்டுல இருக்கச்செல கடைக்கு எதுக்கு? சனிக்கெழம நான் பிளேன் ஏறீட்டா, இதெல்லாம் பின்ன ஆரு பாப்பா?

சபிதா: ஏறண்டாம்ணு சொன்னா கேக்கவா போறீங்க.

சுயம்புராஜ்: தொடங்கீட்டியா.

சபிதா: அண்ணன் கடையில ஆள் வேணும்ணு சொன்னாவ. கோட்டாறு பக்கந்தான. நேரத்துக்கு வீட்டுக்கு வந்திரலாம்.

சுயம்புராஜ்: அங்க ஆபீசுல உக்காந்து கம்ப்யூட்டர் பாக்கவன், இங்க வந்து மச்சினன் கடையில சாக்கு சொமக்கணுமா?

சபிதா: சரி, சொமக்கண்டாம். போனத் தாங்க.

சுயம்புராஜ்: இரு. பேக்கப் எந்த மெயிலுக்குப் போவுதுண்ணு பாக்கட்டு... ஆ, என் மெயில்தான். நாந்தான போட்டுக் குடுத்தேன்.

சபிதா: எனக்கு மெயில் இல்லேண்ணு உங்களதையே போட்டீங்க.

சுயம்புராஜ்: அதுல ஒரு சூத்திரம் உண்டு, கேட்டியா. நீ இங்க எடுக்க போட்டோ எல்லாம் தன்னால என் போனுக்கு வந்திரும். பிள்ளைக்கு மொதப் பல்லு விழுந்தத ஒங்கம்ம பாக்கதுக்கு முன்ன நான் பாத்தாச்சு.

சபிதா: ம்...

சுயம்புராஜ்: அப்பம் பேக்கப் எல்லாம் ஏறித்தான் கெடக்கு. பின்ன மெமரி எப்பிடி நெறஞ்சுது... இது என்ன, தனியா ஒரு ஃபோல்டர்?

சபிதா: அதத் தொறக்கண்டாம்.

சுயம்புராஜ்: ஆருட்டி? பழைய காதலனா?

சபிதா: ஆமா. இப்பம் தாங்க.

சுயம்புராஜ்: நில்லு... நில்லுட்டி. இது... எங்க லேபர் கேம்ப் ரூம். கட்டிலுக்கு மேல கட்டில்... இது கூட வேல பாக்க கிருஷ்ணமணி, நான், சிமெண்டு எறக்கின எடம். இதெல்லாம் ஒனக்கு ஆரு அனுப்பினா? கிருஷ்ணமணியா?

சபிதா: ஆரும் அனுப்பல்ல. நான் எடுத்தது அங்க வந்துச்சுண்ணா, நீங்க எடுத்தது இங்க வராதா?

சுயம்புராஜ்: ...நான் அத யோசிக்கவே இல்ல.

சபிதா: மொதல்ல வந்தத நான் பாத்திட்டு இருக்கச்செலயே காணல்ல. நீங்க அங்க அழிச்சா இங்கயும் போயிருகு. அதுக்குப் பொறவு, வரவர எறக்கி எறக்கி வச்சேன். அதுதான் போனு தாங்கல்ல.

சுயம்புராஜ்: இத எதுக்குட்டி எறக்கி வச்ச?

சபிதா: ஒடம்பெல்லாம் சிமெண்டுப் பொடியானாலும் உங்க மொகம்லா.

சுயம்புராஜ்: கால்ல கட்டுப் போட்டுக் கெடந்தேனே... அதுவுமா?

சபிதா: அதுவுந்தான்.

சுயம்புராஜ்: பின்ன ஒரு வார்த்த ஏன் கேக்கல்ல?

சபிதா: அந்தப் படம் வந்த அண்ணைக்கு நீங்க போன்ல விளிச்சு, ஆபீசுல ஏசி கூட்டி வச்சிருக்கான், ஒரே தணுப்புண்ணு சொல்லிச் சிரிச்சீங்க. நானும் சிரிச்சிட்டு, போத்திக்கிட்டு இருங்கண்ணு சொன்னேன். போன வச்ச பொறவு பிள்ளைக்குத் தெரியாம அடுக்களையில போயி அழுதேன். நீங்க இனியும் பொய் சொல்லுவீங்க, எனக்குத் தெரியும்... திருப்பிச் சொல்ல எங்கிட்ட இனி பொய் இல்ல.