பிந்து வராத அன்னைக்கு

இல்ல அண்ணாச்சி, அந்த முனைய விட்டுராதிய, அப்படியே பிடிச்சிக்கிடுங்க. ஷாக்கெல்லாம் அடிக்காது, இது சும்மா பேட்டரி மீட்டரு. என்ன சொன்னிய? கொஞ்சம் இங்க திரும்பிச் சொல்லுங்க. முட்டத்துக் காத்து ஆளப் பேசவிடுதா? ஆங், மழைக்கு முன்ன முடிச்சிரலாம்.

இந்த வயருக்குள்ள நிறைய நரம்பு ஓடுது, பாத்துக்கிடுங்க. ஒரு கம்பிக்கு ஒரு நரம்பு. கம்பியள மண்ணுல அடிச்சிக் கரண்ட விட்டா, கீழ எங்க ஈரம், எங்க பாறைன்னு பெட்டி படமாட்டு வரைஞ்சி தந்திரும். உள்ள ஒரு நரம்பு அத்துக் கெடந்துன்னு வைங்க, தண்ணி நிக்குத எடத்தயும் பாறைன்னு காட்டிப் போடும். அதுக்குத்தான் மொதல்ல இந்தச் சோதன. ரெண்டு முனையிலயும் மீட்டரத் தொட்டா கீன்னு கத்தணும். வயரப் பைய வளச்சிட்டே வரும்போ சத்தம் நின்னா, அந்த எடத்துல முறிவு. நம்பரப் பாத்தாப் போதாதான்னா? போதாது அண்ணாச்சி. சட்டுன்னு விட்டுச் சட்டுன்னு ஒட்டும். நம்பரு மாறுததுக்குள்ள சேந்திரும். காதுதான் பிடிக்கும்.

எங்கூட பிந்துன்னு ஒரு பிள்ள வரும். இன்னைக்கி அவ மோனுக்குக் காய்ச்சல், லீவு. அவ இருந்தா இந்தப் பாடு இல்ல. எனக்கு எதிர நின்னுட்டு, சத்தம் வந்தா வெரல ஒசத்துவா, நின்னா மடக்குவா. நான் சொல்லிக் குடுத்ததில்ல, அவளாட்டுச் செய்யுதா. எதுக்குன்னு ஒரு வார்த்த கேட்டதும் இல்ல. நான் என்ன செஞ்சேன்னு கேளுங்க. அவளுக்கு ஒண்ணும் தெரியாது, தனியா விட முடியாதுன்னு ஆபீசுல சொல்லி வச்சிருக்கேன். அவளுக்குன்னு தனியா வரவேண்டிய பெட்டிய வேற ஆளுக்குக் குடுத்தாச்சி. மறுநாளும் அதே மாதிரி எம்முன்ன வந்து நின்னு வெரல ஒசத்துதா. மூஞ்சியப் பாக்க முடியல்ல. நாணக்கேடு, அண்ணாச்சி.

நாளைக்கி வாறேன்னு உங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். செய்யல்ல. நீங்களும் போட்ட போர் எல்லாம் காஞ்சி, வாழை வாடி நிக்குத வெப்ராளத்துல, சாயங்காலத்துக்குப் போர் வண்டிக்காரன வரச் சொல்லிட்டு நிக்குதிய. நான் தப்பாட்டு ஒரு படத்தக் குடுத்தா, தண்ணிய விட்டுட்டு வேற எங்கயோதான் குத்துவிய.

என்ன, காதப் பொத்துதிய? மீட்டரா? கத்துதா?

நான் பேச ஆரம்பிச்சதுலேருந்தா?

அது எனக்குக் கேக்காது அண்ணாச்சி. கல்ஃபுல பாறை ஒடைக்கித மெஷின் பக்கத்துல நின்ன காது. உங்க பேச்சையே வாயப் பாத்துதான் ஒப்பேத்திட்டு இருக்கேன். ஆபீசுல அறிஞ்சா வீட்டுக்குப் போன்னு சொல்லிருவான். வீட்டுல பெஞ்சாதிக்கும் தெரியாது. உங்ககிட்டதான் மொதல்ல சொல்லுதேன்.

நான் குனிஞ்சி வயர வளைக்கேன். சத்தம் நின்னா முதுகுல ஒரு தட்டு தட்டுங்க.