ஈரக் கையும் ஒன்பதாம் நம்பரும்

கம்பெனிக்காரர்: ஒரே ஒரு வார்த்தைதான் டீச்சர். ‘வாங்காதீங்க’ன்னு இருக்கற இடத்துல ‘கவனமா பயன்படுத்துங்க’ன்னு போட்டா போதும்.

லேத்து: அது ரெண்டு வார்த்தை சார்.

கம்பெனிக்காரர்: சரி, ரெண்டு. நாலு மணிக்குத்தானே உங்க பத்திரிகை அச்சுக்குப் போகுது? இப்ப ரெண்டேகால். நேரம் இருக்கு.

டீச்சர்: நேரம் இருக்கு தம்பி. மனசுதான் இல்ல.

கம்பெனிக்காரர்: நீங்களே யோசிங்க. நாலு சக்கரம், உட்கார சீட்டு, ரெண்டு கையிலயும் பிரேக். எத்தனையோ பெரியவங்க எங்க வாக்கரைத் தள்ளிட்டுத்தான் கடைக்குப் போய் வர்றாங்க...

லேத்து: அது அவங்களை இழுத்துட்டு ஓடாத வரைக்கும் நல்லதுதான்.

கம்பெனிக்காரர்: சார், உங்க பேரு...?

லேத்து: பேரு எதுக்கு. முப்பது வருஷம் பட்டறையில லேத்து மெஷின் ஓட்டினேன், எல்லாரும் லேத்துன்னே கூப்பிடுவாங்க. ரெண்டு காலும் போனப்புறம் சிலர் மரியாதைக்கு ‘சார்’ சேர்த்துக்கறாங்க. அந்த வாக்கரைச் சோதிச்ச ரிப்போர்ட்டை எழுதினது நான்தான்.

கம்பெனிக்காரர்: அப்ப சோதனை பண்ணதும் நீங்களா?

டீச்சர்: இல்ல. இங்க சோதிக்கறவங்க எழுத மாட்டாங்க, எழுதறவங்க சோதிக்க மாட்டாங்க. சோதிக்கறவங்களுக்குப் பேரும் கிடையாது, நம்பர்தான். கை வராதவங்க, கண்ணு தெரியாதவங்க, எழுபது தாண்டினவங்க... இருபது பேர். யாரு எந்த நம்பர்னு வெளிய போகாது.

கம்பெனிக்காரர்: அப்படி என்ன ரகசியம்?

டீச்சர்: தெரிஞ்சா மறுநாளே வாசல்ல ஒரு பழக்கூடை இருக்கும். கூடவே உங்களை மாதிரி ஒருத்தர் நிப்பார்.

லேத்து: பழம் வந்தா நான் வேண்டாங்க மாட்டேன்.

டீச்சர்: நீங்க கொஞ்சம் சும்மா இருங்க லேத்து.

கம்பெனிக்காரர்: ரிப்போர்ட்டுல ‘ஒன்பதாம் நம்பர் விழுந்தார்’னு இருக்கே... இப்ப எப்படி இருக்காங்க?

டீச்சர்: இருக்காங்க.

கம்பெனிக்காரர்: அடி பலமா?

டீச்சர்: ரிப்போர்ட்டுல இருக்கறதை மட்டும் பேசுவோம் தம்பி.

கம்பெனிக்காரர்: இல்ல, எங்க ஆபீஸ்ல இடுப்பு உடைஞ்சு போச்சுன்னு பேசிக்கறாங்க. அதான்...

லேத்து: பரவாயில்லையே. உங்க ஆபீஸ்ல வாயாவது வேலை செய்யுது.

கம்பெனிக்காரர்: கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? ரொம்பப் புழுங்குது. ஃபேனை வேகமா வெச்சா...

லேத்து: வேண்டாம், டீச்சருக்குக் குளிரும். சால்வை போர்த்தியிருக்காங்க பாருங்க. தண்ணி நான் எடுத்துத் தர்றேன்.

கம்பெனிக்காரர்: ஐயோ, நீங்க சக்கர நாற்காலியில... நானே எடுத்துக்கறேன்.

லேத்து: உட்காருங்க சார். இந்த ரூம்ல என்னைவிட வேகமாப் போற ஆள் கிடையாது. இந்தாங்க, குடிங்க.

கம்பெனிக்காரர்: தேங்க்ஸ். ...சரி, இன்னொரு வழி சொல்றேன். இந்தப் பெட்டியில புது வாக்கர் ஒண்ணு இருக்கு, ஆபீஸ்லேருந்து நேரா கொண்டாந்தேன். இதை வெச்சு மறுபடி ஒரு தடவை சோதிச்சுட்டு...

டீச்சர்: கம்பெனி குடுக்கறதை நாங்க சோதிக்கறதில்ல. எல்லாரையும் போல கடைக்குப் போவோம், அடுக்கி வெச்சிருக்கறதுல ஒண்ணை எடுப்போம், காசு குடுத்து வாங்கிட்டு வருவோம்.

லேத்து: விருந்தாளி வந்தா புது விரிப்பு விரிக்கிற மாதிரிதான் சார் உங்க சாம்பிள். நாங்க விருந்தாளி இல்ல. ...எங்க, பார்ப்போம். அட. டீச்சர், இதுல பிரேக் பிடியில ரப்பர் சொரசொரன்னு இருக்கு. கடையில வாங்கினதுல வெறும் பிளாஸ்டிக், வழவழன்னு.

கம்பெனிக்காரர்: அப்படியா? அதை... கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.

லேத்து: ஏன், காது கேக்கலையா?

கம்பெனிக்காரர்: இல்ல... தெளிவா இருக்கட்டும்னு.

லேத்து: கடையில விக்கறது பிளாஸ்டிக். எங்களுக்குக் குடுத்தனுப்பினது ரப்பர். போதுமா?

கம்பெனிக்காரர்: போதும், போதும். ஆனா உலகத்துல எல்லாரும் ஈரக் கையோடவா வாக்கரைப் பிடிக்கறாங்க?

டீச்சர்: குளிச்சிட்டு வர்றவங்க என்ன, கையைக் கொடியில காயப் போட்டுட்டா வருவாங்க? மழையில வீடு திரும்பறவங்க? உங்க பெட்டி மேலயே ‘ஈரக் கையிலும் உறுதியான பிரேக்’னு அச்சடிச்சிருக்கீங்க. நாங்க கேட்கல, நீங்களா சொன்னது.

லேத்து: எதுக்கு வாய்ப்பேச்சு. கைப்புண்ணுக்குக் கண்ணாடியா வேணும்...

டீச்சர்: லேத்து.

லேத்து: பழமொழி டீச்சர், வெறும் பழமொழி. சார், அந்த ஓரத்துல சாய்வுப் பலகை இருக்கு பாருங்க. வீட்டு வாசல்ல போடற அளவுதான், மலை இல்ல. வாளியில ரெண்டு கையையும் நனைங்க. நாங்க வாங்கின வாக்கரைத் தள்ளிட்டுப் பலகை மேல ஏறி நின்னு, பிரேக்கைப் பிடிச்சுட்டு இறங்குங்க.

கம்பெனிக்காரர்: நானா?

லேத்து: உங்க பிரேக்தானே சார். கூச்சப்படாதீங்க.

கம்பெனிக்காரர்: இப்படியா... ம். பிடிச்சிருக்கேன். நிக்குது பாருங்க.

லேத்து: நீங்க உங்க கால்ல நிக்கறீங்க. வாக்கர் மேல பாரத்தைப் போடுங்க, முழங்கால் வலிக்கறவர் மாதிரி.

கம்பெனிக்காரர்: இதோ... போடறேன்... நழுவுது... சார், போகுது, போகுது...

லேத்து: மெத்தை இருக்கு, பயப்படாதீங்க.

கம்பெனிக்காரர்: அம்மா...

டீச்சர்: அடி பட்டுச்சா தம்பி?

கம்பெனிக்காரர்: இல்ல... என் கண்ணாடி எங்க?

லேத்து: இந்தாங்க. நல்லவேளை, உடையல. ஒன்பதாம் நம்பர் விழுந்த அன்னிக்குக் கீழ மெத்தை போடல சார். பெட்டியில அச்சடிச்சிருக்காங்களே, பிரேக் நிக்கும்னு நம்பிட்டேன். அச்சுல வர்றதை எல்லாம் நம்பாதீங்கன்னு ஊருக்கே சொல்றவன் நான். புத்தி எங்க போச்சோ.

டீச்சர்: அதையும் ரிப்போர்ட்டுல எழுதியாச்சு. எங்க தப்பை நாங்க மறைக்கல.

கம்பெனிக்காரர்: இருந்தாலும் டீச்சர்... ஒண்ணு சொல்லிட்டு வரச் சொல்லியிருக்காங்க. இது இப்படியே அச்சாச்சுன்னா கம்பெனி கோர்ட்டுக்குப் போகும். இந்த இடத்தையே நீங்க இழுத்து மூட வேண்டி வரும்.

டீச்சர்: போகட்டும். கோர்ட் வாசல்ல பதினாறு படி இருக்கு, லேத்தைத் தூக்க நாலு ஆளையும் உங்க கம்பெனியே அனுப்பட்டும். இந்த வாக்கரையும் வாளியையும் நாங்க கொண்டு வர்றோம். நீதிபதி கையை நனைச்சுப் பார்த்துட்டுத் தீர்ப்பு சொல்லட்டும்.

கம்பெனிக்காரர்: விளையாட்டு இல்ல டீச்சர். ‘கவனமா பயன்படுத்துங்க’ன்னு போடறதுல உங்களுக்கு என்ன நஷ்டம்?

டீச்சர்: கவனமா... எழுந்ததுலேருந்து படுக்கற வரைக்கும் நாங்க கவனமாத்தான் இருக்கோம் தம்பி. படியில கவனம், குளியலறையில கவனம், ரோட்டைத் தாண்டறப்ப கவனம், மருமக மூஞ்சியைப் பார்த்துக் கவனம். விழுந்தா முதல் கேள்வியே ‘பார்த்து நடக்கக் கூடாதா’ன்னுதான். அலுத்துப் போச்சு. ஒரு தடவை உங்க பிரேக் கவனமா இருக்கட்டுமே.

லேத்து: அப்படிக் கேளுங்க டீச்சர்.

கம்பெனிக்காரர்: அப்ப மாத்த மாட்டீங்க.

டீச்சர்: மாட்டோம்.

கம்பெனிக்காரர்: உறுதியா?

டீச்சர்: முப்பத்தஞ்சு வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவ நான். ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டா விடை மாறும்னு நினைக்கறீங்களா?

கம்பெனிக்காரர்: கடைசித் தடவை. முழுசா சொல்லிடுங்க.

டீச்சர்: ‘இந்த வாக்கரை வாங்காதீங்க.’ அப்படித்தான் வரும். எழுத்தை இன்னும் கொஞ்சம் பெருசாப் போடச் சொல்றேன், கண்ணு மங்கினவங்களுக்கும் தெரியட்டும்.

கம்பெனிக்காரர்: ...ஒரு நிமிஷம், போன். சார், கேட்டீங்கல்ல? ...ஆமா சார், எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன். ...மெத்தையில விழுந்தேன் சார், ஒண்ணும் இல்ல. ...சரி. ...சரி சார். ...ம், வெச்சிட்டார்.

லேத்து: அடேங்கப்பா. இவ்வளவு நேரமும் சட்டைப் பையில போன் ஓடிட்டா இருந்துச்சு?

கம்பெனிக்காரர்: முதலாளி. நான் என்ன பேசறேன்னு அவர் கேட்கணுமாம். உள்ளேருந்து யாரோ விஷயத்தை வெளிய சொல்லிட்டாங்கன்னு சந்தேகம். எல்லார் மேலயும் ஒரு கண்ணு வெச்சிருக்கார்.

டீச்சர்: என்ன விஷயத்தை?

கம்பெனிக்காரர்: மூணு மாசம் முன்னாடி உங்களுக்குப் பேர் போடாம ஒரு லெட்டர் வந்துச்சே. ‘நாங்க குடுக்கறதை நம்பாதீங்க, கடையில வாங்குங்க, கையை நனைச்சுப் பிடிச்சுப் பாருங்க’ன்னு.

லேத்து: அது உங்களுக்கு எப்படி... அடப்பாவி.

கம்பெனிக்காரர்: ரப்பரை எடுத்துட்டு பிளாஸ்டிக் போட்டப்ப, வேண்டாம்னு ஆறு தடவை எழுதிக் குடுத்தேன் சார். ஆறும் குப்பைத் தொட்டிக்குப் போச்சு. ஏழாவதை உங்களுக்குப் போட்டேன்.

லேத்து: அப்ப இவ்வளவு நேரம் எங்களோட மல்லுக்கு நின்னது?

கம்பெனிக்காரர்: அவர் காதுக்கு. எங்க நீங்க அசைஞ்சு குடுத்திடுவீங்களோன்னு பயந்துட்டேதான் பேசினேன்.

லேத்து: விழுந்ததும் நடிப்பா?

கம்பெனிக்காரர்: இல்ல சார், அது நிஜம். முட்டி இன்னும் வலிக்குது.

டீச்சர்: தெரிஞ்சா வேலை போயிடுமே தம்பி.

கம்பெனிக்காரர்: போயிடும். பெரியவளுக்கு இப்பதான் காலேஜ்... அதனாலதான் பேர் போடல. கோழைத்தனம்தான். ஆனா அதுகூடப் பரவாயில்ல டீச்சர். ஒன்பதாம் நம்பரை நினைச்சாத்தான் தூக்கம் வர மாட்டேங்குது. நான் அந்த லெட்டரை எழுதலைன்னா அவங்க அதுல கையே வெச்சிருக்க மாட்டாங்க. இடுப்பு உடைஞ்சிருக்காது.

லேத்து: டீச்சர்...

டீச்சர்: பேசாம இருங்க லேத்து. நாலு மணி வரைக்கும் எதுக்குக் காத்துட்டு இருக்கணும்? அச்சாபீசுக்குப் போன் போட்டு, ஓட்டச் சொல்லுங்க.

லேத்து: ...ஹலோ. ஆமா, நான்தான். ஒரு எழுத்துகூட மாத்த வேண்டாம். எழுத்தை மட்டும் பெருசாக்குங்க. ...ம், ஓட்டுங்க. சொல்லியாச்சு டீச்சர்.

கம்பெனிக்காரர்: அவங்க யாருன்னு சொல்ல வேண்டாம் டீச்சர். நான் மன்னிப்பு கேட்டேன்னு மட்டும் அவங்ககிட்ட சொல்லிடுவீங்களா?

டீச்சர்: அவங்க காதுல விழுந்தாச்சு தம்பி. இடுப்பு இல்ல, மணிக்கட்டு... இந்தச் சால்வையைக் கொஞ்சம் விலக்குங்க லேத்து, அவர் மாவுக்கட்டைப் பார்க்கட்டும். முன்னாடியே காமிச்சிருந்தா, விழுந்த கோபத்துல பேசறான்னு உங்க முதலாளி சொல்லியிருப்பார். நான் விழுந்தது உங்க லெட்டரால இல்ல, அவரோட பிரேக்கால. அதைப் போட்டு மனசைக் குழப்பிக்காதீங்க. எனக்கு இன்னும் மூணு வாரத்துக்கு எழுத வராது, அதனால பேனாவை நீங்க எடுங்க. இதை விக்கிற ஒவ்வொரு கடைக்கும் லெட்டர் போகணும், நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. அடியில ஒன்பதாம் நம்பர்னு போட வேண்டாம், என் பேரையே போடுங்க... அதுக்குக் கீழ இன்னொரு பேருக்கும் கொஞ்சம் இடம் விடுங்க.